முதலில் 10,000 ரூபாயை எடுத்து வைத்தோம், பிறகுதான் கடனை அடைத்தோம்

2021 காணும் பொங்கல் அன்று மதியம் ஒருவர் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, “அண்ணன் இருக்காராம்மா?” என்று கேட்டார். பொங்கல் சமயத்தில் வாசலுக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதுதான் எங்கள் கடலூர் வண்டிப்பாளையத்து வழக்கம். நானும் கூப்பிட்டேன். அவர் உட்காரவில்லை. “போன மாச வட்டி வரல. ஞாபகப்படுத்துங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எந்த வட்டி, எவ்வளவு கடன் என்று எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அஞ்சு வட்டிக்கு நாப்பதாயிரம். சொன்னா நீ தூங்கமாட்டேன்னுதான் சொல்லல.” எனக்குக் கோபம் வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். மகளிர் குழுவில் ஒரு கடன் இருப்பது அவருக்குத் தெரியும். அடுத்த தெருக் குழுவில் இன்னொரு கடன் எடுத்து, தையல் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது தெரியாது. “நானும் ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

அடுத்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் குடும்பக் கடனை அடைத்த கதையின் கடினமான பகுதி. பின்னால் வந்த மூன்று வருடச் சிக்கனம் அதற்கு முன்னால் பெரிதில்லை. பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் நோட்டை எடுத்து வந்தாள். பிள்ளை முன்னால் வேண்டாம் என்று அவர் தடுத்தார். “பணம் இல்லன்னு அதுக்குத் தெரியாதாடா? எழுதட்டும்” என்று அத்தை சொன்னார். அத்தை என்றால் என் மாமியார்.

எழுதியபோது பத்து இடத்தில் கடன் இருந்தது. அடகுக்கடையில் 6 பவுன், இரண்டு இரண்டு பவுனாக மூன்று சீட்டில், 90,000. மாதம் 100க்கு 2 ரூபாய் வட்டி. அஞ்சு வட்டி, அதாவது மாதம் 100க்கு 5 ரூபாய், 40,000. மூணு வட்டி 50,000. தண்டலில் இன்னும் 55 நாள், நாளுக்கு 200, ஆக 11,000. குழுக் கடன் ஒன்று 17,000, நான் மறைத்தது 22,000. போன் தவணை 7,000. எடுத்துவிட்ட ஏலச்சீட்டில் கட்ட வேண்டியது ஒன்பது மாதம், 45,000. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாக்கி 18,000. என் தம்பியிடம் வாங்கிய கைமாற்று 25,000. மகள் கூட்டிச் சொன்னாள்: 3,25,000.

பெரிய வீடு கட்டியவர்களுக்கோ மகளை மருத்துவம் படிக்க வைத்தவர்களுக்கோ இது சின்னத் தொகை. எங்களைக் கொன்றது மொத்தத் தொகை இல்லை, மாதக் கணக்கு. வட்டியும் தவணையும் சேர்த்து மாதம் 22,150 போய்க்கொண்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் அவருடைய டூ வீலர் மெக்கானிக் கடையில் வாடகை, கரண்ட் போக வருவதும் என் தையலில் வருவதும் சேர்ந்தால் 28,000. நூற்றுக்கு 79 ரூபாய் கடனுக்கே போனது. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி குழுக் கடன்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அது. அதைக் கேள்விப்பட்ட நாள் எனக்கு இந்த 79தான் நினைவுக்கு வந்தது. சொந்த வீடும் ரேஷன் அரிசியும் இல்லையென்றால் அந்தச் சமயத்தில் நாங்கள் ஊரில் இருந்திருக்கவே முடியாது.

தண்டல் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது கடன் மாதிரியே தெரியாது. 20,000 என்று எழுதிக்கொண்டு 17,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 3,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுவதால், அந்த 100 நாளில் நம் கையில் சராசரியாக நிற்பது 8,500 ரூபாய்தான். அதற்கு 3,000 வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் 100க்கு 120க்கு மேல் வருகிறது. மகள் அதைப் போட்டுக் காட்டியபோது அவர் நோட்டை வாங்கி, தானே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அடுத்து மகள் செய்ததுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் “எதுக்கு வாங்கினது?” என்று கேட்டு எழுதினாள். நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கியவை இரண்டு: நகை அடகும் மூணு வட்டியும். திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டோம். ஏலச்சீட்டு எடுத்தது வேறு கடனை அடைக்க. மற்ற ஏழும் சின்னத் தேவைக்கு வாங்கியவை. 2015 மழை வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறி கம்ப்ரஸர் போனபோது வாங்கிய 15,000தான் அஞ்சு வட்டி. கட்ட முடியாமல் மேலும் மேலும் எழுதி 40,000 ஆகியிருந்தது. தம்பியிடம் வாங்கியது ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 5,000. நான் மறைத்த குழுக் கடன், பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது. தேவைப்பட்டது 8,000. குழுவில் கொடுத்தது 30,000. மீதி 22,000 எங்கே போனது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உங்களுக்குப் பெரிய கடன் இல்லடா. கையில அஞ்சாயிரம் இல்லாத கடன்தான் இவ்ளோ.”

அத்தை பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துப்போயிருக்கும். அந்தக் கூலியில் அவர் யாரிடமும் வட்டிக்கு வாங்கியதில்லை. போஸ்ட் ஆபீஸில் அவர் கணக்கில் 30,000 இருப்பது அன்று ராத்திரிதான் எங்களுக்குத் தெரிந்தது. “என் காரியத்துக்குன்னு வெச்சது. நான் செத்தா நீங்க யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னு. அதை எடுத்துக்கோ” என்றார். என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார். கல்யாணமாகி பதினெட்டு வருடத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்த 30,000ஐக் கொண்டுபோய் ஒரு கடனில் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படிச் செய்திருந்தால் மூன்று மாதத்தில் மறுபடி தண்டலுக்குப் போயிருப்போம். நகையில் ஒரு வழி இருந்தது. அடகு வைத்த காலத்தைவிடப் பவுன் விலை நன்றாக ஏறி, அந்தத் தையில் 37,000ஐ ஒட்டி இருந்தது. அடகுக்கடையில் நாங்கள் கட்டிய வட்டி ஆண்டுக்கு 100க்கு 24. வங்கியில் விசாரித்தபோது 9 என்றார்கள். ஆனால் வங்கியில் வைக்க வேண்டுமென்றால் முதலில் நகையை மீட்க வேண்டும், அதற்குக் கையில் பணம் வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நகை மூன்று சீட்டில் இருந்தது எங்களுக்கு உதவியது. அத்தையின் பணத்தில் 28,000 சீட்டை மீட்டோம். அந்த 2 பவுனை வங்கியில் வைத்தோம், 48,000 கொடுத்தார்கள். அதிலிருந்து 30,000 சீட்டை மீட்டு வங்கியில் வைத்தோம், மறுபடி 48,000. அதில் 32,000 சீட்டு. மூன்று நாளில் 6 பவுனும் இடம் மாறிவிட்டது. வங்கிக் கடன் மொத்தம் 1,44,000. அடகுக்கடைக்குப் போனது 90,000. மிஞ்சிய 54,000இல் அஞ்சு வட்டியை அதன் பாக்கி வட்டியோடு அடைத்தோம், தண்டலை முடித்தோம். அத்தை பணம் 30,000 அப்படியே திரும்பி வந்தது.

வங்கிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதிப்பீட்டாளர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். எங்கள் ஆரத்தில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட எடை குறைந்தது. இன்னொன்று, பெரும்பாலும் ஒரு வருடக் கடன்தான் அது. கேட்க ஆள் வரவில்லை என்று விட்டுவிட்டால் கடைசியில் ஏலத்துக்குப் போகும். நாங்கள் மாதா மாதம் வட்டியைக் கட்டிவிடுவோம். மாதம் 1,080.

மொத்தக் கடன் 1,000 ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் மாதம் 22,150 போன இடத்தில் 13,430 போனது. 8,720 ரூபாய் மூச்சு விட இடம் கிடைத்தது.

அஞ்சு வட்டிக்காரரிடம் பணத்தைக் கொடுக்கப் போன அன்று ஒரு பாடம் படித்தோம். என் வீட்டுக்காரர் 2015இல் தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார், நிரப்பாத செக் ஒன்றும் கொடுத்திருந்தார். பணத்தைக் கொண்டுபோனபோது, “நோட்டு ஊர்ல இருக்கு, அடுத்த வாரம் வாங்கிக்க” என்றார் வட்டிக்காரர். அத்தை சொல்லி அனுப்பியிருந்ததால் இவர் கூட ஒரு சினேகிதரையும் அழைத்துப் போயிருந்தார். நோட்டு வந்த பிறகு பணம் என்று திரும்பி வந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து நோட்டும் செக்கும் வந்தன. அதன் பிறகுதான் பணம் போனது. இப்படி மாட்டியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அத்தை 30,000இல் 20,000ஐத் திருப்பி வாங்கிப் போஸ்ட் ஆபீஸில் போட்டார். 10,000ஐ ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து என்னிடம் கொடுத்தார். இது கடன் அடைக்கவும் இல்லை, செலவு பண்ணவும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால், தொழில் சாமான் பழுதானால், சாவு விழுந்தால் மட்டும் எடுக்கலாம். மூன்று பேரும் சம்மதித்தால்தான் திறக்க வேண்டும். எடுத்ததை நிரப்பிய பிறகுதான் கடனுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது 10,000ஐச் சும்மா வைத்திருப்பது மடத்தனம் என்று என் தம்பி வாதாடினான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. மூணு வட்டிக்கு அந்த 10,000 மாதம் 300 ரூபாய் தின்றது. ஆனால் அந்த 300 ரூபாய்தான் எங்களை மறுபடி தண்டலுக்குப் போகாமல் தடுத்த கூலி. நான் அதை வீண் என்று நினைக்கவே இல்லை.

நான்கு மாதத்தில் அது புரிந்துவிட்டது. 2021 மே 10 முதல் இரண்டாம் அலை ஊரடங்கு. கடை மூடிக் கிடந்தது, ஜாக்கெட் தைக்கவும் யாரும் வரவில்லை. ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 4,000 இரண்டு தவணையாக வந்தது. டின்னில் இருந்த 10,000 அதோடு சேர்ந்தது. சீட்டுக்காரரிடம் நேரில் போய் ஒரு மாதம் தள்ளிக் கொடுக்கக் கேட்டோம். முதல் ஊரடங்கில் எங்கள் மேல் நான்கு புதுக் கடன் ஏறியது. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை.

தேதி தெரிந்த செலவுகளுக்கு டின்னைத் தொடக் கூடாது என்பதால் அவற்றுக்கு வேறு ஏற்பாடு. ஜூன் மாதப் பள்ளிச் செலவு, ஆடி, தீபாவளி, பொங்கல், வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 36,000 வந்தது. மாதம் 3,000ஐ அதற்கென்றே ஒரு வங்கிக் கணக்கில் போட்டோம். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு அத்தையின் பெட்டியில் இருந்தது, அதை இயக்க அவருக்குத் தெரியாது. அதற்கு முன்பெல்லாம் தீபாவளி ஒவ்வொரு வருடமும் எங்களுக்குத் திடீரென்று வந்தது.

மொய்தான் பெரிய சிக்கல். நாத்தனார் கல்யாணத்தில் எங்களுக்கு வந்த மொய் 86,000. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அன்று அதை வரவாக நினைத்துச் செலவு செய்தோம். உண்மையில் அது வட்டியில்லாக் கடன். அவரவர் வீட்டுக் கல்யாணத்தில் திருப்பி எழுதியாக வேண்டும், ஒரு படி மேலே வைத்து எழுதுவதுதான் மரியாதை. எங்களுக்கு எழுதியவர்களுக்கு எழுதிய தொகையை அப்படியே திருப்புவது, புது இடங்களுக்கு 200 ரூபாய் என்று முடிவு செய்தோம். சொந்தத்தில் இரண்டு வீட்டார் முகம் சுளித்தார்கள். அத்தை முன்வரிசையில் போய் உட்கார்ந்து, “பசங்க கடன் அடைக்கிறாங்க” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வந்தார். கடனை மறைத்தபோது வராத மரியாதை அதைச் சொன்னபோது வந்தது. அந்தச் சொந்தத்திலேயே ஒரு பெண் பிறகு தன் அடகுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்க வந்தாள்.

2021 தீபாவளிக்குள் போன் தவணை, ஏலச்சீட்டு, இரண்டு குழுக் கடன் எல்லாம் முடிந்தன. அதற்குள் ஒரு குழுவில் ஒருத்தி கட்டாமல் போனதால் அவள் பங்கை மற்றவர்கள் நான்கு தவணை சுமந்தோம். குழுக் கடன் எடுப்பவர்கள் கூட இருப்பவர்களின் நிலைமையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஏலச்சீட்டு பதிவு இல்லாதது, தெருச் சீட்டு. நடத்தியவர் நல்லவர் என்பதால் தப்பினோம். இனி சீட்டு என்றால் அரசிடம் பதிவு செய்ததில்தான் சேருவோம்.

இந்தத் தவணைகள் நின்றபோது மாதம் 10,850 மிஞ்சியது. அதை வீட்டுச் செலவில் கலக்காமல் அப்படியே மூணு வட்டிக்குத் திருப்பினோம். 2022 ஏப்ரலில் அது முடிந்தது. பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. தம்பிக்கு அதற்கடுத்து. அவனுக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை. நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து வந்துவிட்டது, இவர்தான் தாய்மாமன். சீர் வரிசைக்கும் மோதிரத்துக்கும் 14,000 ஆனது. அந்தச் செலவை நான் குறை சொல்லமாட்டேன். தங்கை பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தும் நாளில் வெறுங்கையோடு போய் நின்றால் அந்த வடு காசால் ஆறாது. நாங்கள் செய்த தப்பு வேறு. காதுகுத்து வரப்போவது ஒரு வருடம் முன்பே தெரியும், மாதம் 3,000 கணக்கில் அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் சிலருக்கு அந்தச் சமயத்தில் நகைக் கடன் தள்ளுபடி ஆனது. கூட்டுறவுச் சங்கங்களில் 2021 மார்ச் 31 வரை வைத்த 5 பவுன் வரையிலான நகைகளுக்கு, தகுதி பார்த்து அரசு தள்ளுபடி செய்தது. எங்களுடையது கூட்டுறவில் இல்லை. கொஞ்ச நாள் மனசு கேட்கவில்லை. அடுத்த தள்ளுபடி வரும் என்று எண்ணி நகையை மீட்காமல் வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வட்டி அதற்குக் காத்திருப்பதில்லை.

நகையை விற்றே அடைத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். விற்காதது லாபமாக முடிந்தது உண்மை. ஆனால் பவுன் விலை இவ்வளவு ஏறும் என்று எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன். வட்டியே கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் ஒரு பவுனை விற்று வெளியே வருவதில் எந்தக் குறையும் இல்லை.

வங்கியில் இருந்த நகையை ஒவ்வொரு சீட்டாக மீட்டு, மூன்றாவதை மீட்டது 2024 தை மாத ஆற்றுத் திருவிழா முடிந்த வாரம். அதற்குள் மகள் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் வந்துவிட்டாள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கு வந்தது. அதை அவளே கையாண்டாள், நாங்கள் தொடவில்லை.

கடனுக்குப் போய்ப் பழகிய பணத்தை நிறுத்தக் கூடாது என்று, அடுத்த மாதமே போஸ்ட் ஆபீஸில் ஐந்து வருட ஆர்டி (மாதா மாதம் கட்டும் சேமிப்பு) ஒன்று மாதம் 3,000க்குப் போட்டோம். வட்டி 6.7 சதவீதம். கட்டுவது 1,80,000, முடிவில் கிடைப்பது சுமார் 2,14,000. வேறு எதிலாவது இன்னும் அதிகம் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். 12 தவணை கட்டிய பிறகு அவசரத்துக்கு அதன் மேலேயே பாதி வரை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்காகவும், ஏஜெண்ட் அக்கா வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வதற்காகவும் இதைத் தேர்ந்தெடுத்தோம். வாசலுக்கு வந்து வசூலிப்பதற்குப் பழகியிருந்த குடும்பம் எங்களுடையது. டின்னையும் 25,000 ஆக்கினோம். அதில் 20,000 வங்கியில், 5,000 வீட்டில்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. மஞ்சக்குப்பத்தில் கடைக்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. 2015இல் நின்ற அதே அளவு. தண்ணீர் வடிந்ததும் இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கம்ப்ரஸர் மோட்டார் காயில் போய்விட்டது, சுற்ற 6,500 ஆகும், வாடிக்கையாளர் வண்டி இரண்டுக்குச் சாமான் மாற்றித் தர வேண்டும், கடை திறக்கப் பத்து நாள் ஆகும் என்றார். மகள் நோட்டை எடுத்து வந்து கூட்டினாள். 15,800 வந்தது. மூன்று பேரும் சம்மதித்தோம். நான் பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், மீதியை வங்கியில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

டிசம்பர் 12 அன்று கடை திறந்தார். இதுவரை 6,500 திரும்பப் போட்டுவிட்டோம், டின்னில் மறுபடி 25,000 சேர இன்னும் 9,300 வேண்டும். வாரம் 500 போட்டு வருகிறோம்.